எந்தக் கல்லூரியில் பத்திரிகைத் தொழில் பயில்வது?

பட்டத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், ஆண்டுதோறும் இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. பத்திரிகைத் தொழிலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான் என்பதை யாரேனும் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இரண்டாண்டுப் பத்திரிகைப் பட்டப் படிப்பில் சேர விரும்புகிறேன், எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?"

சென்ற ஆண்டு இந்தக் கேள்வியைக் கொண்டு வந்தவள் என் தங்கையின் மகள். தாவரவியலில் பி.எஸ்ஸி. தேறியவள். ஏழெட்டுக் கல்லூரிகளின் விவரப் புத்தகங்களை ஒரு துணிப் பையில் கொண்டுவந்து என் முன் பரப்பினாள். எல்லாம் வழவழப்பான தாளில் அச்சானவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு பெரிய கட்டடமும், அதன் முன்னே ஒளிப்படக் கருவியுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவர்களும் காணப்பட்டனர்.

"மாமா, இவற்றுள் எதில் சேரட்டும்?"

"உனக்கு எது பிடித்திருக்கிறது?"

அவள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதில்தான் எல்லா வசதியும் இருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தில் இருப்பது போன்ற ஒளிப்பதிவுக் கூடம் இருக்கிறது. படித்து முடித்தவர்கள் அனைவருக்கும் வேலை என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்."

"கட்டணம் அதிகமாயிற்றே?"

"அப்பா வங்கியில் கடன் வாங்குகிறேன் என்கிறார். போதாததற்கு அம்மாவின் வளையல்கள் இருக்கின்றன."

அந்த வளையல்களை நான் அறிவேன். அவை எங்கள் தாயார் அணிந்திருந்தவை. ஆதலால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அவளை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை அவளிடம் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுள் எத்தனை பேருடைய வீட்டில் இவ்வாண்டு இதே பேச்சு நடக்கிறதோ, நான் அறியேன்.

முதலில் என் கதை ஒன்று. 1981-ஆம் ஆண்டு நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். பத்திரிகைக் கல்லூரி எதிலும் படித்தவன் அல்லேன். வேலையில் சேர்ந்து இரண்டாண்டுகள்கூட ஆகவில்லை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காக ஒரு சிற்றூரில் எழுத்தர் ஒருவரைப் போலீசார் கைது செய்திருக்கிறார்கள் என்பது செய்தி. கம்பியில் இரைச்சல் மிகுதி. எழுத்தருடைய பெயர் தெளிவாகக் கேட்டது. தலைப்பெழுத்து சரியாகக் கேட்கவில்லை. "என்" என்று என் காதில் விழுந்தது. அவ்வாறே எழுதினேன், அவ்வாறே அச்சாயிற்று. உண்மையில் அது "எம்".

அதே ஊரில், அதே பெயரில், "என்" என்ற தலைப்பெழுத்துடன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினருங்கூட. செய்தி வெளிவந்த மூன்றாம் நாள் அவர் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும்; கையில் குடையும் மடித்த நாளிதழும் வைத்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. மறுப்புச் செய்தி வெளியிடுகிறோம் என்று ஆசிரியர் சொன்னபோது தலையை ஆட்டினார். பிறகு என் மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, எங்கள் ஊருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த வரன் அந்த வாரம் தட்டிப்போயிற்று என்பதைப் பின்னர் வேறொருவர் சொல்லக் கேட்டேன். முதற்பக்கத்தில் வந்த பிழைக்கு ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரி திருத்தம் வெளியிட்டோம். அந்தத் திருத்தத்தை அவ்வூரில் எத்தனை பேர் படித்தார்களோ!

இந்தக் கதையை எதற்காகச் சொல்கிறேன்? பத்திரிகையாளன் செய்யும் பிழை அவனோடு நிற்பதில்லை. முகம் தெரியாத ஒருவருடைய வீட்டு வாயிலில் போய் விழுகிறது. மருத்துவ மாணவன் உயிருள்ள நோயாளியைத் தொடுமுன் பலமுறை பழகிக்கொள்கிறான். நானோ ஓர் ஏழை ஆசிரியரின் மானத்தை விலையாகக் கொடுத்துத் தொழில் கற்றேன். பத்திரிகைக் கல்லூரி ஒன்று இருக்க வேண்டுமானால் அது இதற்காகவே இருக்க வேண்டும். பிறருக்குத் தீங்கு நேராத இடத்தில் பிழை செய்து, அதைப் பிறர் திருத்தக் கண்டு, மறுமுறை செய்யாமல் பழகுவதற்காக. அந்தப் பழக்கத்தைத் தருகிற கல்லூரி எதுவோ அதுவே நல்ல கல்லூரி. மற்றவை எல்லாம் இரண்டாம் பட்சம்.

"கல்லூரிக்குப் போகாமலே பெரிய பத்திரிகையாளர்கள் தோன்றவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1904-ஆம் ஆண்டு பாரதியார் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கல்லூரியாக அமைந்தது ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரின் மேசை. ஆங்கிலத்தில் வந்த செய்திகளை நாள்தோறும் தமிழாக்குவது அவர் வேலை. திரு.வி.க. 1917-இல் தேசபக்தனின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமுன் தமிழாசிரியராக இருந்தவர். இவர்கள் எவரும் பத்திரிகைப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பாரதியார் போன்ற மேதைக்கும் தொடக்கத்தில் மேலே ஒரு மூத்தவர் இருந்தார். அன்றாடம் எழுதியாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. மூத்தவர் ஒருவர், அன்றாட வேலை என்னும் இவ்விரண்டுமே அந்நாளைய கல்லூரி.

பத்திரிகைத் தொழிலைக் கல்லூரியில் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. பெரும் பத்திரிகை அதிபரான ஜோசப் புலிட்சர், அதற்கென ஒரு கல்லூரி வேண்டும் என்று 1904-இல் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பத்திரிகையாளன் பிறக்கிறானே ஒழிய ஆக்கப்படுவதில்லை என்று சொன்னவர்களுக்கு அவர் அதில் மறுமொழி கூறினார். அவர் அளித்த செல்வத்தால் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அக்கல்லூரி 1912-இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

அதற்கு முன்பே, 1908-இல், மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பத்திரிகைக் கல்லூரி தொடங்கியிருந்தது. அதை நிறுவிய வால்டர் வில்லியம்ஸ் பத்திரிகை அலுவலகத்திலேயே தொழில் கற்றவர். கல்லூரியில் படித்தவரே அல்லர். அவர் செய்த ஏற்பாடு ஒன்று நம் கருத்துக்கு மிகவும் உரியது. வகுப்புகள் தொடங்கிய நாளான செப்டம்பர் 14 அன்றே, மாணவர்கள் எழுதிய செய்தித்தாளும் வெளிவந்தது. விருப்பமுள்ளோர் மட்டும் புரட்டிப் பார்க்கும் கல்லூரி மலராக அதை அவர் அமைக்கவில்லை. அவ்வூர் மக்கள் படிக்கும் செய்தித்தாள் அது. மாணவன் தவறாக எழுதினால், மறுநாள் கடைவீதியில் ஒருவர் அவனை நிறுத்திக் கேட்பார். ஆயினும் அச்சுக்குப் போகுமுன் தொழில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அவன் எழுத்தைப் பார்த்திருப்பார். ஜி. சுப்பிரமணிய ஐயரின் மேசையையே வில்லியம்ஸ் கல்லூரிக்குள் கொண்டுவந்து போட்டார் எனலாம்.

நம் நாட்டில் 1938-இல் அலிகாரிலும், 1941-இல் லாகூரிலிருந்த பஞ்சாபுப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு தொடங்கப் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இல் தொடங்கியது. 1965-இல் மத்திய அரசு புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமைத்தது. இன்று அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் இத்துறை இருக்கிறது. இதழியல், மக்கள் தொடர்பியல், காட்சித் தொடர்பியல் என்று பெயர்கள் பல. பெயர் வேறுபட்டால் பாடமும் வேறுபடலாம். ஓரிடத்தில் செய்தி எழுதுவது தலைமைப் பாடம். மற்றோரிடத்தில் விளம்பரமும் திரைப்படமும் தலைமைப் பாடம். ஆகவே பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடாமல், நான்கு பருவங்களுக்கும் உரிய பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, செய்தி திரட்டுவதற்கும் எழுதுவதற்கும் எத்தனை தாள்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது தேர்வு முறைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது சட்டப்படியான தகுதி. பட்டம் வழங்கும் உரிமை எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, முறையாக அமைந்த பல்கலைக்கழகமும், பல்கலைக்கழகமாகக் கருதப்படும் நிறுவனமும், சட்டத்தால் தனியே உரிமை பெற்ற நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிட்டு வருகிறது. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பணம் கட்டுமுன் பார்த்துவிட வேண்டும். பட்டமும் பட்டயமும் வெவ்வேறு என்பதையும் மறக்கலாகாது. பட்டயம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. 1994-இல் பெங்களூரில் தொடங்கி, 2000-இல் சென்னைக்கு மாறிய ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் பல ஆண்டுகளாக வழங்கி வருவது ஓராண்டுப் பட்டயமே. அதில் பயின்றவர்கள் நாட்டின் பல பத்திரிகைகளில் இருக்கிறார்கள். ஆனால் பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ விரும்புவோருக்கு முதுநிலைப் பட்டம் வேண்டியிருக்கும். எது உங்களுக்கு வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னோர் உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞராகத் தொழில் நடத்தச் சட்டப் பட்டமும் பதிவும் கட்டாயம், மருத்துவருக்கும் அவ்வாறே. நம் நாட்டில் பத்திரிகையாளர் ஆவதற்குப் பட்டம் வேண்டும் என்ற சட்டம் இல்லை. தாவரவியல் படித்தவரும் பொருளாதாரம் படித்தவரும் பத்திரிகை அலுவலகத்திற்குள் நுழையலாம். பட்டம் கதவைச் சற்றே திறக்கும். நாற்காலியில் உட்கார வைப்பது உங்கள் எழுத்துத்தான். ஆதலால் இரண்டாண்டுக் காலத்தில் உங்கள் கைக்கு என்ன பழக்கம் கிடைக்கும் என்பதே பட்டத்தின் பெயரைவிடப் பெரிய கேள்வி ஆகிறது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, மாணவர்கள் நடத்தும் செய்தித்தாள். கல்லூரிக்கு நேரில் போங்கள். "சென்ற ஆண்டு மாணவர்கள் வெளியிட்ட இதழ்களைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வெளிவரும் மலரை எடுத்துக் காட்டினால், அது போதாது. வாரந்தோறுமோ, இரு வாரங்களுக்கு ஒரு முறையோ தவறாமல் வெளிவந்த இதழ்கள் இருக்கின்றனவா? அச்சில் இல்லாவிட்டாலும், இணையத்தில் நாள் தவறாமல் வெளிவந்தால் சரியே. எடுத்துப் படித்துப் பாருங்கள். கல்லூரி விழாவும் முதல்வரின் உரையுமே நிரம்பியிருந்தால், அங்கே செய்தி எழுதக் கற்பிக்கவில்லை என்று கொள்ளலாம். அருகிலுள்ள நகராட்சியின் குடிநீர்த் தொட்டியைப் பற்றி, சந்தையில் காய்கறி விலையைப் பற்றி, அரசு மருத்துவமனையின் வரிசையைப் பற்றி மாணவர் எழுதியிருந்தால், அது நல்ல அடையாளம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதினால், பொதுவாக முப்பது நாட்களுக்குள் அரசு அலுவலகம் மறுமொழி தர வேண்டும். அத்தகைய மனுவை எழுதிப் பார்த்த மாணவர்கள் அங்கே இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டாண்டில் ஒரு மனுவேனும் எழுதாதவர், அரசாங்கத்தைப் பற்றி என்ன எழுதப் போகிறார்?

மூன்றாவதும் எல்லாவற்றினும் முக்கியமானதும் திருத்தும் ஆசிரியர். இதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். ஒரு பருவத்திற்குப் பதினைந்து வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பருவங்களுக்கு அறுபது வாரங்கள். வாரத்திற்கு ஒரு செய்தி என்றால், ஒரு மாணவர் இரண்டாண்டில் அறுபது செய்திகள் எழுதுவார். அதற்குக் குறைந்தால் கை பழகாது. வகுப்பில் அறுபது மாணவர்கள் இருந்தால் வாரத்திற்கு அறுபது கட்டுரைகள். ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து, பிழையைச் சுட்டி, காரணம் எழுத இருபது நிமிடங்களேனும் வேண்டும். அப்படியானால் ஒரே வகுப்புக்காக வாரத்திற்கு இருபது மணி நேரம் திருத்துவதற்கே ஆகும். இந்த வேலையைப் பாடமும் நடத்திக்கொண்டு ஓர் ஆசிரியர் தனியே செய்ய இயலாது. அறுபது மாணவருக்கு இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் இடத்தில், கட்டுரைகள் எழுதப்படுவதில்லை. அல்லது எழுதப்பட்டவை படிக்கப்படுவதில்லை. இருபது மாணவரும் மூன்று ஆசிரியர்களும் இருக்கும் சிறிய துறை, பெரிய கட்டடத்தைவிட மேலானது.

ஆகவே, அங்கே பயிலும் மாணவர் ஒருவரைப் பார்த்து, "உங்கள் கட்டுரை ஒன்றை ஆசிரியர் திருத்திய தாளைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். மதிப்பெண் மட்டும் இட்டிருக்கிறதா, அல்லது "இந்தத் தொகையை யார் சொன்னார்?", "மற்றவர் தரப்பைக் கேட்டாயா?", "ஊர்ப் பெயரைச் சரி பார்த்தாயா?" என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓரக் குறிப்புகளே கல்லூரி. அன்று ஒருவர், "தலைப்பெழுத்தைச் சரி பார்த்தாயா?" என்று என்னைக் கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் குடையை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்திற்கு வர நேர்ந்திராது.

திருத்துவோருடைய தகுதியையும் கேட்டறியலாம். பட்டம் பெற்ற பேராசிரியரும் வேண்டும். செய்தி அறையில் சில ஆண்டுகளேனும் இரவு கண் விழித்தவரும் வேண்டும். புகழ் பெற்ற பத்திரிகையாளர்கள் "வருகை தரும் விரிவுரையாளர்கள்" என்று விவரப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு மாலையுடன் திரும்புகிறார்களா, வாரந்தோறும் வந்து மாணவர் தாளைத் திருத்துகிறார்களா என்பதே அறிய வேண்டியது.

நான்காவது, கல்லூரி அமைந்துள்ள ஊர். பெருநகரமே வேண்டும் என்பதில்லை. மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, சந்தை, காவல் நிலையம் எல்லாம் மிதிவண்டியில் சுற்றி வரும் தொலைவில் இருக்கும். செய்தி கற்பவருக்கு அதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. நெடுஞ்சாலையோரத்தில், ஊருக்கு இருபது கல் தொலைவில், வேலியிட்ட வளாகத்திற்குள் இருக்கும் கல்லூரியில், மாணவர் மாணவரையே பேட்டி காண வேண்டியிருக்கும். நீதிமன்றங்களில் பெரும்பாலான வழக்குகள் எல்லோரும் வந்து கேட்கும்படி திறந்த மன்றத்திலேயே நடக்கின்றன. மாதம் இருமுறையேனும் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்க மாணவரை அனுப்புகிறார்களா? அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு ஆகியவற்றைப் பற்றிய சட்டப் பாடமும் இருக்க வேண்டும். அது புதிய பாடமாகவும் இருக்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவையே இன்றும் நடத்திக்கொண்டிருந்தால், அந்த ஆசிரியர் செய்தித்தாள் படிப்பதில்லை என்று பொருள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது.

ஐந்தாவது, கருவிகள். என் மருமகளுடைய மனத்தைக் கவர்ந்தது ஒளிப்பதிவுக் கூடமே. கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் பணிக்காலத்திற்குள்ளேயே கருவிகள் மூன்று முறை மாறிவிட்டன. நான் சேர்ந்தபோது ஈய எழுத்துக்களைக் கையால் கோத்தார்கள். பிறகு கணினி வந்தது. எழுத்துப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நான் ஓய்வு பெறும் நாளில், நிருபர்கள் கைபேசியில் படம் பிடித்து, நின்ற இடத்திலிருந்தே செய்தி அனுப்பினார்கள். இன்று கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினியும் வந்துவிட்டது. அந்தக் கணினி பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்து, ஓர் ஆசிரியருடைய வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, இது தாங்கள்தாமா?" என்று கேட்பதில்லை. அதை மனிதர்தாம் கேட்க வேண்டும். கருவி பழையதாகும், கேட்டு, சரி பார்த்து, தெளிவாக எழுதும் பழக்கம் பழையதாவதில்லை. எனவே கூடத்தின் அழகைப் பார்க்காமல், ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அக்கருவியைத் தொடக் கிடைக்கிறது என்று கேளுங்கள். பூட்டிய கண்ணாடிக் கதவின் வழியே பார்ப்பதற்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

ஆறாவது, மொழி. எந்த மொழியில் எழுதிப் பிழைக்கப் போகிறீர்களோ, அந்த மொழியில் எழுத்துப் பயிற்சி தரும் கல்லூரியாக இருக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்ய விரும்புபவர், இரண்டாண்டும் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டு வந்தால், முதல் நாளே திகைத்து நிற்பார். அதே சமயம், ஆங்கிலத்தில் வரும் அரசாணையையும் தீர்ப்பையும் படித்து, ஊர்க் கடைசி வீட்டாருக்கும் விளங்கும் தமிழில் சொல்லத் தெரியாதவர் அரைப் பத்திரிகையாளரே. பாரதியார் சுதேசமித்திரனின் மேசையில் செய்தது அந்த வேலையைத்தான். மொழிபெயர்ப்புப் பயிற்சி பாடத்திட்டத்தில் உண்டா என்பதை மறவாமல் பாருங்கள்.

கடைசியாகப் பணம். இதைப் பலர் பேசக் கூசுகிறார்கள். நான் கூச மாட்டேன். பத்திரிகைத் தொழிலில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சிறியது. பெருங்கடனைத் தலையில் சுமந்து வேலைக்கு வருபவரை நான் பார்த்திருக்கிறேன். மாதத் தவணைக்கு அஞ்சி, எழுதக் கூடாததை எழுதச் சொன்னாலும் எழுதுகிறார்; எழுத வேண்டியதை விடச் சொன்னாலும் விடுகிறார். "முடியாது" என்று சொல்லும் துணிவு பத்திரிகையாளனுக்கு ஒரு தொழிற்கருவி. அந்தக் கருவியைப் படிக்கும் காலத்திலேயே அடகு வைத்துவிடலாகாது. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவு. தகுதியுள்ளோருக்கு உதவித் தொகைகளும் உண்டு. முதலில் அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். "அனைவருக்கும் வேலை" என்ற வாக்கியத்தைப் பத்திரிகையாளனாக விரும்பும் நீங்களே பத்திரிகையாளனைப் போல விசாரியுங்கள். விவரப் புத்தகத்தில் படம் போட்டவர்களை விட்டுவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த மூவரைத் தேடிப் பிடியுங்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலையைக் கல்லூரி தேடித் தந்ததா, தாமே தேடிக்கொண்டார்களா என்று கேளுங்கள். உங்கள் வாழ்க்கையின் முதற்செய்தி இதுவாகவே இருக்கட்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மருமகள் விவரப் புத்தகங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். ஒரு வாரத்திற்குள் மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய் வந்தாள். அவள் முதலில் விரும்பிய கல்லூரியில் ஒளிப்பதிவுக் கூடத்தைப் பெருமையுடன் காட்டினார்களாம்; திருத்திய தாள் ஒன்றைக் காட்டச் சொன்னதற்கு, "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்களாம். மற்றொன்றில் ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆனால் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரே நிலையாக இருந்தார். மூன்றாவது, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் துறை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, கணினிகள் பழையவை. ஆனால் வராந்தாவில் ஒரு மாணவன் தன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியருடன் வாதாடிக் கொண்டிருந்தானாம். ஆசிரியர் கோபிக்காமல் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அவள் மூன்றாவதில் சேர்ந்தாள். குறை இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் பழைய கணினிகளைப் பற்றியும் வாரந்தோறும் தொலைபேசியில் முறையிடுகிறாள். எங்கள் தாயாரின் வளையல்கள் என் தங்கையின் கையிலேயே இருக்கின்றன.

தீபாவளி விடுமுறையில் வந்தபோது, தான் எழுதிய முதற்கட்டுரையை அவள் என்னிடம் காட்டினாள். பேருந்து நிலையத்துக் கடைக்காரர்களின் சங்கத் தேர்தலைப் பற்றியது. தாள் முழுவதும் சிவப்பு மையின் கீறல்கள். எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றாம் வரியில், சங்கத் தலைவருடைய பெயருக்கு முன்னிருந்த தலைப்பெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. ஓரத்தில், "இதை அவரிடமே கேட்டாயா?" என்று எழுதியிருந்தது.

"கேட்டாயா?" என்றேன் நான்.

"இல்லை, மாமா. மறுநாள் போய்க் கேட்டேன். நான் எழுதியது தவறுதான்" என்றாள்.